படிக்க ஆளிருந்தால்தான் பதிவேடு

எம்பிபிஎஸ் மாணவர்களின் லாக்புக்கை வெளியாட்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. கட்டம் கட்டமாக அச்சிட்ட தடித்த நோட்டு அது. முதல் கட்டத்தில் திறனின் எண்ணும் பெயரும், அடுத்ததில் செய்த தேதி. பிறகு, முதல் தடவையா திரும்பச் செய்ததா என்பதற்கு எஃப் அல்லது ஆர். தரத்துக்கு மூன்று எழுத்து: எதிர்பார்ப்புக்குக் கீழே இருந்தால் பி, சரியாக இருந்தால் எம், மேலே இருந்தால் இ. ஆசிரியரின் கையெழுத்துக்கும் ஒரு கட்டம். 2019-ல் சேர்ந்த பேட்சிலிருந்து நாடு முழுக்க வந்த திறன்சார் பாடத்திட்டம் இந்த நோட்டைக் கட்டாயமாக்கியது. ஒரு மாணவர் ஊசி போடக் கற்றாரா, கெட்ட செய்தியைப் பக்குவமாகச் சொல்லக் கற்றாரா என்பதைப் பரீட்சைத் தாள் காட்டாது, பக்கத்தில் நின்று பார்த்தவர்தான் எழுதிவைக்க வேண்டும் என்பது அதன் எண்ணம். எண்ணத்தில் குறையில்லை. ஆனால் இன்டர்னல் பரீட்சைக்கு முந்தைய வாரம் எந்த ஊர்க் கல்லூரிக்குப் போனாலும் டிபார்ட்மென்ட் மேசையில் லாக்புக்குகள் தோள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். பக்கம் பக்கமாக ஒரே எழுத்து: எம், எம், எம். மளிகைக்கடைப் பற்று நோட்டு இதைவிட மேல். அதை மாதம் ஒருமுறையாவது இரண்டு பேர் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

இந்த நோட்டைத் திரைக்கு மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. முதுநிலை மருத்துவக் கல்விக்கான 2023 விதிமுறை, இ-லாக்புக்கை வாராவாரம் புதுப்பிக்கச் சொல்கிறது. இளநிலையிலும் பல கல்லூரிகள் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டன. திரைக்கு மாறியதும் முதலில் கூடுவது வேகம். காகிதத்தில் ஐம்பது கையெழுத்துப் போட்டால் கை வலிக்கும். திரையில் ஐம்பது கட்டங்களையும் ஒரே தட்டில் ஒப்புக்கொள்ளலாம். சமூக மருத்துவம் சொல்லித்தரும் எனக்கு இதில் ஓர் உறுதியான கருத்து உண்டு. மாணவர் எழுதிய வாரத்துக்குள் ஒருவர் அதைப் படித்துப் பதில் எழுதினால் அந்த மின்பதிவேடு உயிரோடு இருக்கும். எழுதாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் வெறும் கிடங்கு. கருக்களாச்சேரி என்ற மீனவக் கிராமத்துக்குப் போய்வந்த மாணவர்களின் பதிவுகளைப் படித்துப் படித்து எனக்கு வந்த கருத்து இது.

லாக்புக் எத்தனை செய்தாய் என்று கேட்கும். மின்பதிவேடு என்று நான் சொல்வது போர்ட்ஃபோலியோவை. அது, செய்தபோது என்ன பார்த்தாய், அடுத்த தடவை எதை மாற்றுவாய் என்று கேட்கும். ஜார்ஜ் மில்லர் என்பவர் 1990-ல் எழுதிய கட்டுரையில் மருத்துவருடைய திறனை நான்கு படிகளாக அடுக்கினார்: அவருக்குத் தெரியும், எப்படியென்று தெரியும், செய்து காட்டுவார், நிஜத்தில் செய்கிறார். எழுத்துத் தேர்வு முதலிரண்டு படிகளோடு நின்றுவிடும். மேசைக்கு மேசை மணியடித்து மாறும் ஆஸ்கி தேர்வு மூன்றாவது படி வரை எட்டும். நான்காவது படியைத் தேர்வறைக்குள் கொண்டுவர வழியில்லை. அது வார்டில் நடக்கிறது, ஒரு வீட்டுத் திண்ணையில் நடக்கிறது, யாரும் பார்க்காதபோது நடக்கிறது. அதற்கான சாட்சியத்தை மாணவரே சேர்த்து வைத்து, தானே அதைப் பற்றி நாலு வரி எழுதினால்தான் உண்டு.

நர்சிங் ஆசிரியர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்களுக்கு இது பழகிய பாதை. இந்தியாவில் பழைய பாடத்திட்டத்திலேயே ஒரு நர்சிங் மாணவி மகப்பேறு கேஸ்புக்கில் 30 கர்ப்பிணிகளைப் பரிசோதித்ததையும், 20 சுகப்பிரசவம் பார்த்ததையும், பிரசவத்துக்குப் பிறகு 20 தாய்மார்களைக் கவனித்ததையும் ஒவ்வொன்றாக எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. பிரிட்டனில் 1995 முதலே பதிவு பெற்ற ஒவ்வொரு நர்ஸும் தன் தொழில் வளர்ச்சிக் கோப்பைப் பராமரிக்க வேண்டியிருந்தது. அங்கே புதிய டாக்டர்களுக்கான இரண்டு வருஷப் பயிற்சி 2005-ல் வந்தபோதுதான் போர்ட்ஃபோலியோவும் அதன் மின்வடிவமும் மருத்துவர்கள் பக்கம் பரவலாக வந்தன. இதை இன்னும் தூரம் கொண்டுபோனது அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் லெர்னர் மருத்துவக் கல்லூரி. 2004-ல் முதல் வகுப்பைச் சேர்த்த அந்தக் கல்லூரியில் மார்க்கும் கிடையாது, ரேங்க்கும் கிடையாது. மாணவர் தன் பதிவுகளிலிருந்து ஆதாரம் எடுத்து, எதில் தேறினேன், எதில் தேறவில்லை என்று கட்டுரையாக எழுத, ஒரு குழு அதைப் படித்து மேலே அனுப்புகிறது. நம் ஊரில் இதைச் சொன்னால் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி நமக்கே தெரியும்.

எங்களுக்குக் கைகொடுத்தது வேறொன்று. 2021-22 பேட்சிலிருந்து தேசிய மருத்துவ ஆணையம் குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. முதலாண்டு மாணவர் ஒரு கிராமத்தில் சில குடும்பங்களை ஏற்றுக்கொண்டு மூன்றாம் ஆண்டு வரை அதே வீடுகளுக்குப் போய்வர வேண்டும். மருத்துவக் கல்வியில் இது அபூர்வமான வாய்ப்பு. வார்டில் ஒரு நோயாளியை மாணவர் பார்ப்பது ஐந்து நாள், பத்து நாள். இங்கே ஒரே மனிதரைப் பருவம் மாறி மாறிப் பார்க்கலாம். பருவம் மாறினால் மனிதரும் மாறுகிறார் என்பதைக் கடற்கரை ஊர்போல வேறெந்த ஊரும் கற்றுத்தராது.

கருக்களாச்சேரி காரைக்கால் கரையோர மீனவக் கிராமங்களில் ஒன்று. மாவட்டமே சின்னது. 2011 கணக்கெடுப்பில் இரண்டு லட்சம் பேர். இங்கே வீட்டு விசிட்டுக்கு நேரம் குறிப்பது தனிக் கலை. ஆண்கள் கிளம்புவது நள்ளிரவு தாண்டி, கரை சேர்வதற்கு நேரம் கிடையாது. மீன் விற்கிற பெண்கள் விடியும் முன்னே கூடையோடு போய்விடுவார்கள். காலை ஒன்பது மணிக்குக் கல்லூரி பஸ்ஸில் போய் இறங்கினால் பாட்டிகளையும் கைக்குழந்தைகளையும்தான் பார்க்க முடியும். அந்த விசிட்டை வைத்து எழுதும் அறிக்கையில் ஊரே முதியோர் இல்லம்போலத் தெரியும்.

இன்னொன்று, வருஷக் கணக்கு. படிவத்தில் சர்க்கரை நோய் எத்தனை ஆண்டுகளாக என்று ஒரு கட்டம் இருக்கும். பாட்டி சொல்லும் பதில், “சுனாமி வந்து ரெண்டாம் வருஷம், நடு மவளுக்கு நிச்சயம் பண்ணப்போ” என்று இருக்கும். மாணவர் மனக்கணக்குப் போட்டு எண்ணை மட்டும் எழுதிவிட்டு வருவார். மின்பதிவேட்டில் அந்தக் கட்டத்துக்குக் கீழே ஒரு வெற்றிடம் விட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுது என்று சொல்லி வைத்திருக்கிறோம். 2004 டிசம்பர் 26 எத்தனை வீட்டு மருத்துவ வரலாற்றில் மைல்கல்லாக நிற்கிறது என்பது அந்த வெற்றிடங்களை வரிசையாகப் படித்தபோதுதான் எனக்கே உறைத்தது.

ஒரு பதிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். விசைப்படகில் தொழிலுக்குப் போகும் நடுவயதுக்காரர், பிரஷர் உள்ளவர். மாணவரின் முதல் பதிவு இப்படி இருந்தது: “உயர் ரத்த அழுத்த நோயாளி. மாத்திரையை ஒழுங்காக உட்கொள்வதில்லை. உப்பைக் குறைக்கும்படி அறிவுரை வழங்கப்பட்டது.” லாக்புக்காக இருந்தால் அதற்கு ஓர் எம் விழுந்து கதை முடிந்திருக்கும். நான் கீழே ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: கடைசியாக மாத்திரை போட்டது எப்போது, அப்போது அவர் எங்கே இருந்தார்?

மாணவருக்கு அது எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். அடுத்த விசிட்டில் ஆள் வீட்டில் இல்லை. மனைவி சொன்னதை அவர் அப்படியே எழுதியிருந்தார். “அவரு தங்கலுக்குப் போயிருக்காரு தம்பி. வர நாலஞ்சு நாளாவும். மாத்திரை அட்டை இந்தா, சாமி படத்துக்குப் பின்னாடி இருக்கு பாருங்க.” தங்கல் என்றால் கடலிலேயே நாட்கணக்கில் தங்கி மீன்பிடிப்பது. ஐஸும் டீசலும் அரிசியும் கணக்குப் பார்த்துப் படகில் ஏறும். மாத்திரை அட்டை மட்டும் சாமி படத்துக்குப் பின்னாலேயே இருந்துவிடும். முதல் பதிவின் “ஒழுங்காக உட்கொள்வதில்லை” என்ற தீர்ப்பு அங்கேயே ஆட்டம் கண்டுவிட்டது. ஆனால் மாணவர் அதை இன்னும் பார்க்கவில்லை.

மே மாதம் மூன்றாவது விசிட். ஆள் வீட்டில் இருந்தார், பிரஷர் கட்டுக்குள் இருந்தது. மாணவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “தொடர் அறிவுரை நல்ல பலன் தந்துள்ளது” என்று எழுதினார். நான் மறுக்கவில்லை. இதுவரை எடுத்த அளவுகளை எல்லாம் தேதியோடு ஒரே பக்கத்தில் போடு, பக்கத்தில் அன்றைக்கு அவர் கரையிலா கடலிலா என்று எழுது என்று மட்டும் கேட்டேன். மின்பதிவேட்டில் அது பத்து நிமிஷ வேலை. கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. தேதிகளை வரிசையாக வைத்ததும் தடைக்காலம் தானாக எழுந்து நின்றது. அதற்குப் பிறகு மாணவர் சேர்த்த வரி இது: “என் அறிவுரையால் குறையவில்லை. அவர் வீட்டில் இருந்ததால் குறைந்திருக்கிறது.” ஒரு பத்தொன்பது இருபது வயதுப் பையன் தன்னைத் தானே இப்படித் திருத்திக்கொள்வதைப் படிப்பதற்காகவே நான் இந்த வேலையில் இருக்கிறேன் என்றுகூடச் சொல்வேன்.

பிறகு நடந்தது சின்ன விஷயம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதத்துக்கு வாங்கும் மாத்திரையில் ஒரு பகுதியைத் தனியாக எடுத்து, அவர் படகுக்குக் கொண்டுபோகும் பையிலேயே போட்டு வைப்பது என்று கணவனும் மனைவியும் பேசி முடிவு செய்தார்கள். யோசனை மனைவியுடையது, மாணவருடையது இல்லை. அதையும் அவர் எழுதியிருந்தார். தடை முடிந்து தொழில் தொடங்கிய பிறகு வந்த அளவுகள் ஏறியும் இறங்கியும்தான் இருந்தன. முழு வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் அதே படகில் இன்னும் சிலர் அதே மாத்திரையைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் என்பது அந்தப் பேச்சில் வெளியே வந்தது. ஒரு குடும்பத்தின் பதிவாக ஆரம்பித்தது ஒரு படகின் பதிவாக மாறியது. பாடப்புத்தகம் கேட்கச் சொல்லும் கேள்விகளில் “எந்தப் படகு?” என்பது இல்லை.

காகித நோட்டில் இது நடந்திருக்காதா என்று கேட்பார்கள். நடந்திருக்கலாம். ஆனால் காகித நோட்டு ஹாஸ்டல் அலமாரியில் இருக்கும், என்னிடம் வருவது வருஷக் கடைசியில். மூன்று விசிட்டும் முடிந்த பிறகு நான் கேட்கும் கேள்விக்குப் பதில் தேட அந்த மாணவருக்கு விசிட் மிச்சம் இருக்காது. மின்பதிவேட்டின் உண்மையான லாபம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது: ஒரு விசிட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆசிரியர் உள்ளே வர முடிகிறது. தேதிகள் அழியாமல் வரிசையில் நிற்பது இரண்டாவது லாபம். கண்ணைப் பறிக்கும் வரைபடம், முன்னேற்ற வட்டம், பச்சை சிவப்பு விளக்கு இவையெல்லாம் விற்பனையாளர் காட்டும் வேடிக்கை. நியூசிலாந்தில் 2006-ல் உருவாகத் தொடங்கிய மஹாரா போன்ற இலவச மென்பொருளே இந்த வேலைக்குத் தாராளம். கல்லூரியில் அதுவும் இல்லையென்றால், ஆளுக்கொரு பகிர்வுக் கோப்பு போதும்.

பதில் எழுதுவதில் எனக்கென்று சில பிடிவாதங்கள் உண்டு. “குட்”, “வெல் டன்” எழுதுவதில்லை. படித்தேன் என்பதற்கு அது சாட்சி ஆகாது. எழுத்துப்பிழை திருத்துவதில்லை. ஒரு பதிவுக்கு ஒரு கேள்விக்கு மேல் கேட்பதில்லை. ஐந்து கேள்வி கேட்டால் மாணவர் சுலபமான நான்குக்குப் பதில் எழுதிவிட்டு வேண்டிய ஒன்றை விட்டுவிடுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, பார்க் புத்தகத்தில் பதில் கிடைக்கும் கேள்வியைக் கேட்பதில்லை. சமூக மருத்துவத்துக்கு பார்க் வேதப் புத்தகம் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதில் பதில் இருக்கும் கேள்வியை வைவாவில் கேட்கலாமே. போர்ட்ஃபோலியோவில் கேட்கும் கேள்விக்குப் பதில் அந்த வீட்டில்தான் இருக்க வேண்டும். அந்த வீட்டுக் குடிதண்ணீர் எந்த நேரம் வருகிறது, யார் எழுந்து பிடிக்கிறார்கள்? கர்ப்பிணிப் பெண்ணின் இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றி மாமியாரிடம் பேசினாயா, அந்தப் பெண்ணிடமே பேசினாயா? குழந்தையின் தடுப்பூசி அட்டை எங்கே வைத்திருக்கிறார்கள், எடுத்துவர எவ்வளவு நேரமானது? கடைசிக் கேள்வி விளையாட்டுபோலத் தெரியும். அட்டையைப் பத்திரப்படுத்தும் வீடு எது, தேடும் வீடு எது என்பதில் அடுத்த தவணை தவறுமா தவறாதா என்பதைப் பெரும்பாலும் கணித்துவிடலாம்.

இதற்கு நேரம் ஆகும். மருத்துவக் கல்வியில் போர்ட்ஃபோலியோக்களைப் பற்றி 2009-ல் வந்த தொகுப்பாய்வுகள் நல்லதையும் சொன்னன, நேரச் சுமையையும் ஒளிக்காமல் சொன்னன. அதே வருஷம் ஐரோப்பிய மருத்துவக் கல்விச் சங்கத்தின் வழிகாட்டியாக ஃபான் டார்ட்வைக், டிரீசன் இருவரும் எழுதியதிலும் அழுத்தம் வழிகாட்டும் ஆசிரியர் மேல்தான். என் கணக்கில் ஓர் ஆசிரியர் பத்து மாணவர்களுக்கு மேல் உண்மையாகப் படிக்க முடியாது. அதற்கு மேல் போனால் அவரும் எம் போட ஆரம்பித்துவிடுவார். ஆகவே போர்ட்ஃபோலியோ வாங்க நிதி இருக்கிறது என்று நிர்வாகம் சொன்னால் நான் கேட்கும் முதல் விஷயம் ஆசிரியர்களின் வாரக் கால அட்டவணை. அதில் படிப்பதற்கென்று ஒரு மணி நேரம் எழுதப்படாத கல்லூரியில் இதைத் தொடங்காமல் இருப்பதே மரியாதை.

மாணவர் எழுதும் சுயசிந்தனைப் பகுதிக்கு வருகிறேன். பாடத்திட்டம் மூன்று கேள்விகள் தருகிறது: என்ன நடந்தது, அதனால் என்ன, இனி என்ன. டெர்ரி போர்ட்டன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-ல் பள்ளிப் பிள்ளைகளை வைத்து எழுதிய மூன்று கேள்விகள் உலகம் சுற்றி மருத்துவத்துக்கு வந்து சேர்ந்தவை. நல்ல கேள்விகள்தான். பதில்கள்தான் ஒரே அச்சில் வரும். “நோயாளியிடம் பரிவோடு பேசுவதன் முக்கியத்துவத்தை உணர்ந்தேன்.” செயற்கை நுண்ணறிவு வருவதற்கு முன்பே இது வந்துகொண்டுதான் இருந்தது. சாட்ஜிபிடி வந்த பிறகு அதே வாக்கியம் அழகான ஆங்கிலத்தில் மூன்று பத்தியாக வருகிறது. இதைப் பிடிக்க மென்பொருள் வாங்குவது வீண். நான் செய்தது, ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்தது. தமிழில் எழுதலாம், மலையாளத்துப் பிள்ளைகள் மலையாளத்தில் எழுதி எனக்கு வாயால் சொல்லலாம், ஃபோனில் ஒரு நிமிஷம் பேசிப் பதிந்தும் போடலாம். ஆங்கிலத்தில் “குடும்பத் தலைவி ஒத்துழைக்கவில்லை” என்று எழுதும் மாணவி, தமிழில் பேசிப் பதியும்போது, “அந்த அக்கா எங்க மேல கோவமா இருந்தாங்க மேடம், போன மாசம் வேற காலேஜ் பிள்ளைங்களும் வந்து இதே கேள்வி கேட்டாங்களாம்” என்கிறாள். இரண்டாவது வாக்கியத்தை வைத்து ஒரு வேலை செய்யலாம். முதலாவதை வைத்துச் செய்ய ஒன்றுமில்லை.

உண்மையை எழுது என்று மாணவரிடம் சொல்வது சுலபம். எழுதியதை யார் படிப்பார்கள், எங்கே போகும் என்பதற்கு நாம் பொறுப்பேற்க வேண்டும். ஹடிசா பாவா-கார்பா வழக்கை இதற்காகவே நான் வகுப்பில் சொல்கிறேன். 2011 பிப்ரவரியில் இங்கிலாந்தின் லெஸ்டர் மருத்துவமனையில் ஆறு வயதுச் சிறுவன் ஜாக் ஆட்காக் இறந்தான். அவனுக்குச் சிகிச்சை அளித்த, பயிற்சியிலிருந்த குழந்தைநல மருத்துவர் பாவா-கார்பா 2015-ல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 2018 ஜனவரியில் மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. அவர் மின்பதிவேட்டில் எழுதிய சுயசிந்தனைக் குறிப்புகளே அவருக்கு எதிராகத் திரும்பின என்ற பேச்சு நாடு முழுக்கப் பரவியது. அந்தக் குறிப்புகள் ஜூரிகள் முன் வைக்கப்படவில்லை என்று அவர் தரப்புப் பாதுகாப்பு அமைப்பே விளக்கியும் பயம் அடங்கவில்லை. பல டாக்டர்கள் உண்மையை எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். பயத்தில் எழுதிய போர்ட்ஃபோலியோ லாக்புக்கைவிட மோசம். லாக்புக் பொய் சொன்னாலும் எண்ணிக்கையில்தான் சொல்லும்.

அதனால் எங்கள் ஏற்பாட்டில் மூன்று அடுக்கு. மாணவர் மட்டும் பார்ப்பது ஒன்று. மாணவரும் வழிகாட்டும் ஆசிரியரும் பார்ப்பது ஒன்று. மதிப்பீட்டுக்குப் போவது ஒன்று. எது எந்த அடுக்கில் என்பதை மாணவரே முடிவு செய்கிறார். வார்டில் ஒரு சீனியர் நோயாளியை எல்லோர் முன்னாலும் திட்டியதையும், தான் பேசாமல் நின்றதையும் ஒரு மாணவி இரண்டாவது அடுக்கில் எழுதியிருந்தாள். அதற்கு மார்க் போடுவது அசிங்கம். அன்றைக்கு அந்த நோயாளியிடம் பிறகு நீ போய் ஏதாவது பேசினாயா என்று கேட்டேன். அடுத்த பதிவில் பேசியதை எழுதினாள். பரீட்சைக் குழு அதைப் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது.

ஃபோன் விஷயத்தில் நான் கறார். வீட்டுக்குள் ஃபோனை எடுக்கக் கூடாது. எடுத்தால் மாணவரின் கண் திரையில் இருக்கும், வீட்டாரின் கண் ஃபோனில் இருக்கும், படம் பிடிக்கிறார்களோ என்று. சட்டைப் பையில் ஒரு துண்டுக் காகிதம், அதில் இரண்டு வரி. பஸ் ஏறிய பிறகு மிச்சத்தை ஏற்றலாம். முகம் தெரியும் படம், ரேஷன் அட்டை, ஆதார், வீட்டு வாசல் எதுவும் பதிவேட்டுக்குள் வரக் கூடாது. குடும்பத்துக்கு எண் மட்டும், எண்ணுக்கும் பெயருக்குமான பட்டியல் டிபார்ட்மென்ட் அலமாரிப் பூட்டுக்குள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, அதற்கு முன்பும் இதுவே நியாயம். சின்ன ஊரில் “வலது பக்கம் மூணாவது வீடு, ரெண்டாவது மருமகள்” என்று எழுதினாலே பெயரை எழுதியதற்குச் சமம்.

ஒரே விஷயத்தை எத்தனை இடத்தில் எழுதுவது என்று மாணவர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. அப்போது துணை சுகாதார நிலையத்து ஏஎன்எம் நர்ஸ் அக்கா பக்கத்தில் அரை நாள் உட்காரச் சொல்வேன். அனைத்தையும் டேப்லெட்டில் கொண்டுவருவதாக 2016-ல் அன்மோல் செயலி வந்தது. அதற்குப் பின்னும் பல ஊர்களில் ரிஜிஸ்டர் போகவில்லை. நோட்டிலும் எழுதி, செயலியிலும் ஏற்றி, மாதக் கடைசியில் தொகுத்து வேறு அனுப்புகிறவர்கள் அவர்கள். திரும்பி வந்த மாணவர் பிறகு அலுத்துக்கொள்வதில்லை. அந்த அக்காவின் எழுத்தை மேலே யாராவது படிக்கிறார்களா என்று கேட்கிறார். சரியான கேள்விதான்.

இப்போது எங்கள் டிபார்ட்மென்டில் ஓடிக்கொண்டிருக்கும் வாதம் குடும்பங்களைப் பற்றியது. ஒரு பேட்ச் மூன்றாண்டு முடித்துப் போனதும் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். “போன வருஷம் வந்த புள்ள வரலியா? அதுகிட்ட எல்லாம் சொல்லியாச்சே” என்று வீட்டில் சலித்துக்கொள்கிறார்கள். போர்ட்ஃபோலியோ மாணவருடைய சொத்து, அவர் கொண்டுபோகலாம். ஆனால் அதில் இருக்கும் பிரஷரும் சர்க்கரையும் மகள் கல்யாணமும் அந்தக் குடும்பத்துடையவை. ஆகவே போகிற மாணவர், தன் சிந்தனைகளைத் தவிர்த்து, குடும்பத்தைப் பற்றிய ஒரு பக்கச் சுருக்கத்தை வருகிறவருக்கு எழுதிவைக்க வேண்டும் என்று வைத்தோம். அதை ஒப்படைக்கும் முன் அந்த வீட்டில் உட்கார்ந்து தமிழில் வாசித்துக் காட்டி, ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது நான் சேர்த்தது.

சம்பிரதாயமாக இருக்கும் என்றுதான் நினைத்தோம். முதல் வாசிப்பிலேயே ஒரு வீட்டு அம்மா இடைமறித்தார். படிவத்தில் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்ததால் மாணவர் அவரை எழுத்தறிவு இல்லாதவர் என்று குறித்திருந்தார். “கண்ணாடி உடைஞ்சு கெடந்துச்சு தம்பி அன்னிக்கு, அதான் நாட்டு வச்சேன். நான் அஞ்சாங் கிளாஸ் வரைக்கும் படிச்சவ. சீட்டுக் கணக்கு நான்தானே எழுதுறேன்.” நோட்டை எடுத்துவந்து காட்டவும் செய்தார். இன்னொரு வீட்டில், தாத்தா குடிப்பதை எழுதியது சரி, விட்டு எத்தனை மாதமாகிறது என்பதையும் எழுதினால்தான் ஒப்புக்கொள்வோம் என்றார்கள். அதன் பிறகு சுருக்கத்தின் அடியில் “குடும்பம் சொன்ன திருத்தம்” என்று ஒரு பகுதி சேர்ந்தது. பெரும்பாலான வீடுகளில் அது காலியாகவே வருகிறது, சில வீடுகளில் சுருக்கத்தைவிட நீளமாக வருகிறது. அதற்கு மாணவருக்கு மார்க் தர வேண்டும் என்கிறார் சக ஆசிரியர் ஒருவர். மார்க் வைத்தால் அடுத்த பேட்சில் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரித் திருத்தம் முளைத்துவிடும் என்கிறேன் நான். வருகிற செமஸ்டர் கூட்டத்தில் இதைத்தான் முதலில் எடுக்கிறோம்.